மறு: ப்ரீவீல், கேசட், ப்ரீஹப் – மூணுக்கும் தமிழ்ல என்ன வைக்கலாம்?

வணக்கம் மக்களே,

மவுண்டன் பைக் பாகங்களுக்கு சொல் பட்டியல் போட்டுட்டு வர்றோம்ல, பின்சக்கரம் பக்கம் வந்ததும் வண்டி நின்னு போச்சு. ஹப்புக்கு குடம், ஸ்போக்குக்கு ஆரக்கால், ரிம்முக்கு வட்டை, ஆக்சிலுக்கு அச்சு, இதெல்லாம் மாட்டுவண்டி காலத்துல இருந்தே நம்மகிட்ட இருக்கிற சொல்லு, யாரும் மறுக்கல. மிச்சம் மூணு இருக்கு, மூணுமே பின்சக்கரத்து பல்சக்கரக் கொத்தும் அது குடத்துல ஏறுற இடமும் சம்பந்தப்பட்டது. இப்போதைக்கு ப்ரீவீலுக்கு "கட்டற்ற சக்கரம்", கேசட்டுக்கு "பேழை", ப்ரீஹப்புக்கு "கட்டற்ற குடம்"னு போட்டு வச்சிருக்கேன். சரி வருமா?

கூடவே சொந்த விஷயம் ஒண்ணு. என் பைக் ஆரம்ப நிலை மாடல், பின்னாடி 7 பல்சக்கரம், முன்னாடி 3. ஏத்தத்துல மூச்சு வாங்குது. 11-42 கேசட் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்னு இருக்கேன் (சின்னதுல 11 பல், பெருசுல 42), கையில இருக்கிற காசு அதுக்குத்தான் சரியா இருக்கும். வாங்கலாமா?

* * *

> கேசட்டுக்கு "பேழை"

பேழை இருக்கட்டுமே. பாட்டு கேட்ட கேசட்ட ஒலிப்பேழைன்னுதான எழுதினோம், பழகின சொல்லு. புதுசா உருவாக்குறத விட இருக்கிறத எடுத்துக்கிறது நல்லது. என் ஓட்டு பேழைக்கு.

* * *

> 11-42 கேசட் ஒண்ணு வாங்கி மாட்டிடலாம்னு இருக்கேன்

தம்பி, கொஞ்சம் பொறுங்க, வாங்கிடாதீங்க. நீங்க ரெண்டு கேள்வி கேட்டதா நினைக்கிறீங்க, உண்மைல ஒண்ணுதான். 7 பல்சக்கரம் உள்ள ஆரம்ப நிலை பைக்ல பெரும்பாலும் இருக்கிறது ப்ரீவீல், அந்த ஹப்புல கேசட் ஏறவே ஏறாது. வெளிய இருந்து பாத்தா ரெண்டும் பல்லுப்பல்லா அடுக்கி ஒரே மாதிரிதான் தெரியும், விக்கிறவங்கள்லயே பல பேரு ரெண்டையும் கேசட்னுதான் சொல்றாங்க. அதனால பேர் வைக்கும்போதே எது எதுல மாட்டும்னு காதுல விழுற மாதிரி வச்சுட்டா காசு வீணாகாது.

உள்ள என்ன இருக்குன்னு பாத்துட்டு பேருக்கு வருவோம். மிதிக்காம விட்டாலும் சக்கரம் பாட்டுக்கு உருளணும், அதுக்கு ஒரு பல்வளையமும் அதுல மாட்டி மாட்டி விடுற சின்ன நாக்குகளும் வேணும், கிரிகிரின்னு சத்தம் வர்றது அங்க இருந்துதான். ப்ரீவீல்ல இந்த மொத்த ஏற்பாடும் பல்சக்கரக் கொத்துக்குள்ளயே இருக்கு, குடத்துல வெறும் மரை மட்டும்தான் வெட்டியிருக்கும், கொத்த அப்படியே திருகி ஏத்திட வேண்டியது, மிதிக்க மிதிக்க அதுவா இறுகிக்கும். ப்ரீஹப்ல அதே ஏற்பாடு குடத்தோட சேந்துடுச்சு. குடத்துல இருந்து ஒரு உருளை நீட்டிக்கிட்டு நிக்கும், மேல நீளவாக்குல காடி, அதாவது பள்ளம், வெட்டியிருக்கும், பல்சக்கரங்கள அதுல செருகி கடைசில ஒரு பூட்டுவளையம் போட்டு இறுக்குறது. கேசட்ங்கிறது வெறும் பல்சக்கர அடுக்கு, அதுக்குள்ள அசையிற பாகம் ஒண்ணுமே கிடையாது. 1978ல ஷிமானோ கம்பெனி இந்த மாதிரி ஹப்ப கொண்டு வந்தாங்க, அப்புறம் நல்ல பைக் எல்லாம் மெல்ல அந்தப் பக்கம் போயிடுச்சு, மலிவு பைக் மட்டும் திருகுறதுலயே நிக்குது.

இப்ப பேழைய பாருங்க. பேழைன்னா உள்ள ஏதாவது வைக்கணும், இதுல உள்ள வைக்க என்ன இருக்கு, நடுவுல ஓட்டைதான். "கட்டற்ற" இன்னும் மோசம், மென்பொருளுக்கு அது அருமையா உக்காந்துச்சு, ஆனா கட்டற்ற சக்கரம்னா எனக்கு கழண்டு தனியா ஓடுற சக்கரம்தான் கண்ணுல தெரியுது, இறக்கத்துல போறவன்கிட்ட சொல்ற வார்த்தையா அது.

என் பரிந்துரை:

ப்ரீவீல் கொத்துக்கு திருகடுக்கு. கேசட்டுக்கு செருகடுக்கு. திருகு, செருகு, எதுகையும் தானா வந்துடுச்சு. மரை உள்ள பழைய ஹப்புக்கு மரைக்குடம், காடி உள்ள ப்ரீஹப்புக்கு காடிக்குடம். திருகடுக்கு மரைக்குடத்துல ஏறும், செருகடுக்கு காடிக்குடத்துல ஏறும், மாத்திக் கேட்டா சொல்லும்போதே நாக்கு தடுக்கும்.

இந்தப் பிரிவினை சொல்லுக்காக மட்டும் இல்லைங்க. மரைக்குடத்துல வலது பக்க பால்ரஸ் (அச்சைத் தாங்குற குண்டுகள் உருளுற இடம்) திருகடுக்குக்கு உள்பக்கமா தள்ளி இருக்கும், அங்க இருந்து பிரேம் வரைக்கும் அச்சு தாங்கல் இல்லாம அந்தரத்துல நிக்கும். பல்சக்கரம் கூடக் கூட அந்த தூரமும் கூடும், கல்லு முள்ளுல குதிச்சு ஓட்டினா அச்சு வளையும், சில சமயம் ஒடியவும் செய்யும். சக்கரத்த கழட்டி அச்சு முனையை விரலால மெதுவா சுத்திப் பாருங்க, முனை ஒரே புள்ளில நிக்காம சின்னதா ஒரு வட்டம் போட்டா வளைஞ்சாச்சுன்னு அர்த்தம். காடிக்குடத்துல வலது பால்ரஸ் உருளையோட வெளி ஓரத்துக்கே வந்துடுது, அந்தப் பிரச்சினை பெரிய அளவுல இல்ல. மலைப்பாதைல ஓட்டுறவங்களுக்கு காடிக்குடம் ஏன் வேணும்னா இதுக்காகத்தான் முதல்ல, கியர் எண்ணிக்கை எல்லாம் அப்புறம்.

உங்களுது எதுன்னு கண்டுபிடிக்க: சக்கரத்த கழட்டிட்டு சின்ன பல்சக்கரத்துக்கு நடுவுல பாருங்க, டூல் மாட்டுறதுக்கு நுணுக்கமா பல் வெட்டின ஒரு வளையம் இருக்கும். சக்கரத்த அசையாம பிடிச்சுக்கிட்டு பல்சக்கரங்கள பின்பக்கமா சுத்துங்க. அந்த வளையமும் சேந்து சுத்தினா செருகடுக்கு. பல்சக்கரம் மட்டும் சுத்தி வளையம் சும்மா நின்னா திருகடுக்கு. பாத்துட்டு எழுதுங்க.

* * *

> திருகடுக்கு, செருகடுக்கு

ரெண்டும் பிரமாதம், கை தட்டிட்டேன். ஆனா கொஞ்சம் சண்டை போடணும்.

முதல் சண்டை காடிக்குடம். காடி எடுக்கிறதுன்னு தச்சு வேலைல சொல்றது எனக்கும் தெரியும், ஆனா சமையக்கட்டுப் பக்கம் காடின்னா புளிச்ச தண்ணி. காடிக்குடம் வாங்கினேன்னு ஒருத்தர் சொன்னா ஊறுகாய் போடப் போறாரான்னுதான் கேப்பாங்க. செருகுகுடம்னு வைக்கலாமேன்னு பாத்தேன், வினைத்தொகைங்கிறதால வல்லினம் மிகாது, குகுன்னு குயில் கூவுற மாதிரி வருது, அதுவும் வேணாம். நாக்கு உள்ள இருக்கிறதால நாக்குக்குடம்? சொல்லிப் பாத்தேன், எனக்கே சிரிப்பு வந்துடுச்சு.

ரெண்டாவது, எக்ஸ்டி வகை உருளை இருக்கே, ஸ்ராம் கம்பெனி 2012ல 10 பல் சின்னச் சக்கரத்துக்காக கொண்டு வந்தது, அதுல கேசட்டே மரைல திருகித்தானே உக்காருது? அப்ப அது திருகடுக்கா செருகடுக்கா? பட்டியல்ல போடுறதுக்கு முன்னாடி இதுக்கு பதில் வேணும்.

மூணாவது, ஒத்தப் பல்சக்கரம் உள்ள சாதா சைக்கிள்லயும் ப்ரீவீல் இருக்கு, அதுல அடுக்கு எங்க இருக்கு?

* * *

அக்கா கேட்டது எல்லாமே நியாயம்.

எக்ஸ்டில மரை இருக்கு, ஆனா அது அடுக்கு கழண்டு வராம பிடிச்சு வைக்கத்தான். மிதிக்கிற விசை முழுக்க காடி வழியாத்தான் சக்கரத்துக்குப் போகுது. மரைக்குடத்துல விசைய வாங்குறதே மரை. அதனால விசை எது வழியா போகுதோ அத வச்சு பேர் வைப்போம்னு ஒரு விதி போட்டுக்கலாம், அப்படிப் பாத்தா எக்ஸ்டியும் செருகடுக்குதான். விளக்கத்துல ஒரு வரி சேத்துடுங்க.

ஒத்தப் பல்லுக்கு ப்ரீவீலே இருக்கட்டும். சைக்கிள் கடைல எல்லாரும் காலங்காலமா சொல்ற வார்த்தை, அத போய் புடுங்குவானேன். குழப்பம் அடுக்குலதான், சொல்லும் அங்கதான் தேவை.

காடி பத்தி: புளிச்ச தண்ணி அர்த்தம் இருக்கத்தான் செய்யுது, ஆனா அதுக்காக காடியை விட மனசு வரல, ஏன்னா அடுத்து வர்ற சிக்கலுக்கு அது உதவுது. உருளைல வெட்டியிருக்கிற காடி எல்லா கம்பெனிக்கும் ஒண்ணு இல்ல. எச்ஜிங்கிற ஷிமானோவோட பழைய காடில சின்னச் சக்கரம் 11 பல்லுக்குக் கீழ வராது, எக்ஸ்டிலயும் 2018ல ஷிமானோ கொண்டு வந்த மைக்ரோ ஸ்ப்ளைன்லயும் 10 பல் வரும். எச்ஜி காடி, மைக்ரோ ஸ்ப்ளைன் காடின்னு சொன்னா ஒரே வார்த்தைல முடிஞ்சுடும். பட்ஜெட்ல மேம்படுத்துறவங்களுக்கு எச்ஜி காடிதான் சொர்க்கம், 8, 9, 10 ஸ்பீடு (பின்னாடி அத்தனை பல்சக்கரம்) அடுக்கு எல்லாம் அதே உருளைல ஏறும், ஷிமானோ டியோர் வரிசையோட 11-51 பல் 11 ஸ்பீடு அடுக்கு கூட அதுல உக்காரும், 12 ஸ்பீடுலயே 11-50 அடுக்கு எச்ஜிக்கு கிடைக்குது. 10 பல்லுக்கு ஆசைப்பட்டு வேற காடிக்குப் போனா உருளை, அடுக்கு எல்லாத்துக்கும் சேத்து அழணும்.

* * *

பாத்துட்டேன் அண்ணே. பல்சக்கரம் பின்னாடி சுத்துது, வளையம் அப்படியே நிக்குது. திருகடுக்கு. அதுல 14-28னு பொறிச்சிருக்கு, முன்னாடி 42-34-24. அச்சு வட்டம் போடல. 11-42 கனவு அவ்வளவுதானா? முழுச் சக்கரமே மாத்தணுமா?

* * *

> முழுச் சக்கரமே மாத்தணுமா?

இப்போதைக்கு வேணாம். முன்னாடி 24 பல் வச்சிருக்கீங்க, அது சொத்து. இப்ப உங்க லேசான கியர் 24க்கு 28, அதாவது 0.86, இந்த எண் குறையக் குறைய மிதிக்க லேசு. 14-34 திருகடுக்கு ஒண்ணு மாத்தினா 24க்கு 34, 0.71 ஆயிடும். சில புது பைக்ல முன்னாடி ஒத்தச் சக்கரம் 32, பின்னாடி பெரிய தட்டு 46னு வருதே, அத வகுத்தா 0.70. மலை ஏற அவங்களுக்கும் உங்களுக்கும் பெரிசா வித்தியாசமே இல்ல, நீங்க செலவழிச்சது ஒரு திருகடுக்குக்கும் ஒரு செயினுக்கும் மட்டும்.

வாங்குறதுக்கு முன்னாடி பின் டிரெயிலியர் (செயின ஒரு பல்சக்கரத்துல இருந்து இன்னொண்ணுக்கு மாத்துறது) 34 பல் வரைக்கும் தாங்குமான்னு அதோட மாடல் நம்பர வச்சு பாத்துடுங்க, பெரும்பாலும் தாங்கும். பழைய செயின புது பல்லுல மாட்டாதீங்க, நீண்டு போன செயின் புதுப் பல்லையும் தின்னுடும், செயின் தேய்மானம் பாக்குற அளவுகோல்ல 0.75 காட்டினாலே தூக்கிடலாம். பழைய நீளத்துக்கே அறுத்துடாதீங்க, பெரிய தட்டுக்கு ஒண்ணு ரெண்டு கண்ணி கூட வேணும்.

கழட்டுறதுதான் கஷ்டம், மிதிச்சு மிதிச்சு இறுகிக் கிடக்கும். அதுக்குன்னு உள்ள ரிமூவர வைஸ்ல கவ்வ வச்சுட்டு சக்கரத்த மேல கவுத்து, ஸ்டியரிங் மாதிரி ரெண்டு கையாலயும் பிடிச்சு இடப்பக்கமா ஒரு திருப்பு, டக்குனு ஒரு சத்தம் வரும், பயந்துடாதீங்க. திரும்ப ஏத்தும்போது மரைக்கு கிரீஸ் தடவி முதல்ல கையாலயே திருகுங்க, கோணலா ஏறினா குடத்தோட மரை போயிடும், மரை போனா குடமே போச்சு.

மிச்சக் காசுக்கு நல்ல டயரும் பிரேக் பேடும். பிடிமானமும் நிறுத்தமும் சரியா இருந்தா அதே பைக் வேற பைக் மாதிரி ஓடும். முன்சக்கரத்தப் பிடிக்கிற போர்க் பக்கம் இப்ப போகாதீங்க, மலிவா ஒண்ண கழட்டிட்டு இன்னொரு மலிவ மாட்டுறது வீண்.

அச்சு என்னைக்காவது வட்டம் போட ஆரம்பிச்சா அன்னைக்கு காடிக்குடம் உள்ள பின்சக்கரத்த முழுசா வாங்குங்க. குடம் மட்டும் வாங்கி பழைய வட்டைல கோக்கலாம்னு தோணும், ஆனா குடத்தோட விளிம்பு அளவு மாறினா ஆரக்கால் நீளமும் மாறும், எல்லா ஆரக்காலும் புதுசு, கோத்து பெண்டு எடுக்க கூலி வேற, கூட்டிப் பாத்தா முழுச் சக்கரமே பெரும்பாலும் லாபம். பிரேம்ல பின்குடம் உக்காருற இடத்தோட அகலம் மட்டும் அளந்துக்குங்க, பழைய டிஸ்க் பிரேக் பிரேம்னா அனேகமா 135 மில்லிமீட்டர், பூஸ்ட்னு சொல்ற அகலமான புது பிரேம் 148, அது இதுல போகாது.

* * *

சரி, காடிக்குடத்துக்கு நானும் தலையாட்டிட்டேன், ஊறுகாய் பரணிய வேற பக்கம் வச்சுக்கிறேன். பேழைக்கு ஓட்டுப் போட்டவர் இன்னும் ஒண்ணும் சொல்லல, ஞாயிறு வரைக்கும் பாத்துட்டு மறுப்பு வரலைன்னா திருகடுக்கு, செருகடுக்கு, மரைக்குடம், காடிக்குடம் நாலும் பட்டியல்ல ஏறும், எக்ஸ்டி பத்தின அந்த ஒரு வரியோட. டிரெயிலியருக்கு சொல் வச்சிருக்கிறவங்க தனி இழை தொடங்குங்க, இதுல கொண்டு வந்து கலக்காதீங்க.