முதுமலையில் மஞ்சள் பூ மரங்களின் பட்டையை ஏன் உரிக்கிறார்கள்?

ஈரோட்டு வாசகி:
போன வாரம் தெப்பக்காட்டிலிருந்து மசினகுடி போனோம். வழியெல்லாம் கொன்றை மாதிரி மஞ்சள் பூ. ஆனால் பல மரங்களின் அடியில் பட்டையை உரித்து விட்டிருக்கிறார்கள், சில நின்றபடியே காய்ந்துவிட்டன. புலிகள் காப்பகத்துக்குள் மரத்தைச் சாகடிக்கலாமா? மகள் கேட்டாள், எனக்குப் பதில் தெரியவில்லை.

மாயாற்றுக்காரன்:
அக்கா, நான் மசினகுடிப் பக்கம் மாடு மேய்த்து வளர்ந்தவன். அது நம் சரக்கொன்றை இல்லை. சரக்கொன்றைப் பூ தொங்கும், இது கிளை நுனியில் நிமிர்ந்து நிற்கும். அமெரிக்கக் கண்டத்து மரம், அழகுக்காகக் கொண்டுவந்து நட்டது. நாங்கள் மஞ்சக்கொன்னை என்போம்.

எங்கள் பக்கம் மலை மறைவு, மழை குறைவு. வெக்காலி மரமும் நெல்லி மரமும் தள்ளித் தள்ளி நிற்கும், நடுவில் எல்லாம் புல். புள்ளிமான், காட்டெருமை, யானை எல்லாம் அந்தப் புல்லை நம்பித்தான் இருக்கின்றன. மான் இல்லாமல் புலி ஏது? மஞ்சக்கொன்னை அடர்ந்த இடத்தில் குனிந்து பாருங்கள், கைப்பிடி புல் இருக்காது. அதன் இலையில் எங்கள் மாடு வாய் வைத்ததே இல்லை. வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து நாலைந்தாகத் துளிர்க்கும். அதனால்தான் தரை வரைக்கும் பட்டையை உரித்து, துளிர்க்காமல் காயவிடுகிறார்கள். இப்படி அகற்றும் மரம் காகித ஆலைக்குக் கூழாகப் போகிறது.

கோவை சைக்கிள்:
அப்படியென்றால் அந்த இடத்தில் நம் நாட்டு மரங்களை நெருக்கமாக நடலாமே? நாங்கள் பத்துப் பேர் வரத் தயார்.

மாயாற்றுக்காரன்:
நல்ல மனசு தம்பி, ஆனால் நெருக்கமாக நட வேண்டாம். மரம் அடர்ந்தால்தான் காடு என்று நினைத்தே இந்த மாதிரி இடங்களைக் கெடுத்தோம். இங்கே வெயில் தரையைத் தொட வேண்டும், புல் வர வேண்டும். உண்ணிச்செடியும் மஞ்சக்கொன்னை மாதிரியே புல்லை வரவிடாது, கோடையில் தீ பிடித்தால் அதுதான் மளமளவென்று எரியும். தீவனம் குறைந்தால் யானை எங்கள் வாழைக்கு வருகிறது. அது நடக்கும் வழியிலோ வேலியும் விடுதியும். எங்கள் பக்கத்துச் சீகூர் யானை வழித்தடத்தை அரசு அறிவித்தது சட்டப்படி செல்லும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்ன பிறகுதான் கொஞ்சம் நம்பிக்கை வந்தது. எங்கள் மாடுகளும் அதே புல்லைத்தான் மேய்கின்றன, அதையும் மறைக்கக் கூடாது.

ஈரோட்டு வாசகி:
நன்றி தம்பி. ஒரு தடவை பிடுங்கினால் போதுமா?

மாயாற்றுக்காரன்:
போதாது அக்கா. விதை மண்ணுக்குள் கிடக்கும். எங்கள் பட்டிக்குப் பின்னால் மூன்று மழையாகக் கன்றுகளைப் பிடுங்குகிறேன், போன மாதமும் ஒரு கட்டு எடுத்தேன். நடுவில் ஒரு பாய் அளவுக்குப் புல் வந்திருக்கிறது. காலையில் மான் குளம்பு பதிந்திருந்தது.