மறு: ரிஃப்ளெக்டர் தகட்டுக்குத் தமிழ்: அலைதிருப்பியா, தெறிதகடா?

அன்புள்ள குழும நண்பர்களுக்கு வணக்கம்.

ட்ரோன் பயிற்சிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ரிமோட்டின் ஆண்டெனாவுக்குப் பின்னால் மாட்டும் ரிஃப்ளெக்டருக்கு மட்டும் இன்னும் தமிழ்ப் பெயர் அமையவில்லை. முதற்படியில் நான் ‘அலைபெருக்கி’ என்று எழுதியிருந்தேன். அது பிழை என்பது மதுரையை அடுத்த ஒத்தக்கடைப் பக்கம் ஒரு வயல் வரப்பில்தான் விளங்கியது. மாணவர் ஒருவர் அட்டையை வளைத்து, அலுமினியத் தாள் ஒட்டி, ரிமோட்டின் இரு ஆண்டெனாக் கொம்புகளிலும் செருகிக்கொண்டு, யானைமலையைப் பார்த்து நின்றபடி ட்ரோனை ஓட்டினார். மலைப் பக்கம் பறந்தவரை குறையில்லை. அது அவர் முதுகுக்குப் பின்னிருந்த தென்னந்தோப்பின் மேல் சென்றதும் தொடர்பு அறுந்து, தானாகவே புறப்பட்ட இடத்துக்குத் திரும்பிவிட்டது. “பெருக்கி மாட்டியிருக்கோம்ல சார், பெறகு எப்படி சிக்னல் போச்சு?” என்று கேட்டார். பிழை அவருடையதன்று; என் சொல்லினுடையது.

அந்தத் தகடு ஆற்றலைக் கூட்டுவதில்லை. பின்பக்கம் போகும் அலையை மடக்கி முன்பக்கத்தோடு சேர்க்கிறது, அவ்வளவே. திறந்தவெளியில் தொலைவு இரு மடங்காக வேண்டுமானால் அத்திசையில் நான்கு மடங்கு ஆற்றல் சேர வேண்டும். அந்த மிகுதி பிற திசைகளிலிருந்து எடுக்கப்படுவதே. சொல்லைக் கேட்டவுடன் இது புலப்பட வேண்டும் என்பதுதான் என் ஒரே கோரிக்கை.

குழுமத்தில் வந்த பரிந்துரைகளில் ‘எதிரொளிப்பான்’ பாடநூல் வழியது. ஒளியும் ரேடியோ அலையும் மின்காந்த அலைகளே என்று இயற்பியல் ஆசிரியர் வாதிட்டதும் சரியே. ஆயினும் ளகரமும் லகரமும் மயங்கும் வகுப்பில் அது ‘எதிரொலிப்பான்’ ஆகிவிடுகிறது. ‘குவிதகடு’ இன்னும் இடர்ப்பாடானது: குவியாடி கதிர்களை விரிக்கும், குழியாடிதான் குவிக்கும் என்று படித்துவந்த பிள்ளைகள் எந்தப் பக்கம் வளைப்பார்கள்?

‘அலைமுறம்’ என்ற பரிந்துரையில் என் மனம் ஒரு நாள் முழுக்கத் தங்கியது. வளைந்த வடிவம் அப்படியே முறம். யானைக்கு ‘முறஞ்செவி’ என்ற பழைய அடைமொழியும் உண்டு. ‘முறு’ என்னும் வேரிலிருந்து வளைவுப் பொருளை நிறுவ நம் குழுமப் பெரியவர் எழுதிய நான்கு மடல்களையும் படித்தேன். ஆனால் எங்கள் பக்கத்து வீடுகளில் அது சுளகு. மேலும், முறம் புடைத்துப் பிரிப்பது. இந்தத் தகடோ சேர்ப்பது.

ஈழத்து நண்பரின் ‘தெறிதகடு’ இலக்கணத்தில் குறையற்றது. அங்கே பாடநூலிலும் ‘தெறிப்பு’ என்றே வழங்குகிறது. மதுரைக் காதுக்கோ தெறிப்பதென்றால் நாலாபுறமும் சிதறுவது.

ஆண்டெனாவை ‘அலைவாங்கி’ ஆக்கச் சொல்பவர்களுக்கு ஒன்று: அது வாங்குவதோடு அனுப்பவும் செய்கிறது, தகடு இரண்டுக்குமே உதவுகிறது. பாதிப் பொருள் சொல்லும் தமிழைவிட ‘ஆண்டெனா’ திசைச்சொல்லாக நிற்கட்டும். தொல்காப்பியம் திசைச்சொல்லுக்கு இடம் தந்தே இருக்கிறது.

ஆகவே பெரும்பாலோர் ஒப்பிய ‘அலைதிருப்பி’யை அச்சுக்கு அனுப்புகிறேன். முதல் இடத்தில் மட்டும் ‘ரிஃப்ளெக்டர்’ உடன் வரும். ஈழத்து நண்பர் நேற்றிரவும் உடன்படவில்லை. ‘திருப்பி’ என்றால் தோசை திருப்பிதான் நினைவுக்கு வருகிறது என்கிறார். அவருடைய மறுப்பைக் கையேட்டின் சொற்பட்டியலில் ‘தெறிதகடு’ என்ற மாற்றுச்சொல்லாகச் சேர்த்திருக்கிறேன்.