மறு: ரிப்பிள் = சிற்றலையா, தளும்பலா?

அனைவருக்கும் வணக்கம்.

சீராக நிற்க வேண்டிய டிசி மின்னழுத்தம் ஏறி இறங்குவதை ஆங்கிலத்தில் ரிப்பிள் (ripple) என்கிறார்கள். அதற்குத் தமிழில் 'சிற்றலை' போதும் என்று முந்தைய மடலில் ஐயா ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அது ஒட்டவில்லை. சிற்றலை என்றதும் என் வயதுக்காரர்களுக்கு ரேடியோவின் ஷார்ட் வேவ்தான் நினைவுக்கு வரும். 'அலைவு' என்றால் பள்ளிப் பாடத்தில் ஊசல் ஆடுவது. நான் சொல்ல வந்தது 'தளும்பல்'.

இது எப்படி வந்தது என்று சொல்லிவிடுகிறேன். மதுரை மாட்டுத்தாவணியில் பூக்கடை வைத்திருக்கும் என் மைத்துனர், விற்காமல் மிஞ்சும் மல்லியை வைக்க ஒரு சின்னக் குளிர்பெட்டி கேட்டார். மின்சாரத்தால் குளிர்விக்கும் பெல்டியர் வில்லை ஒன்று வாங்கினேன், மாடல் எண் டிஇசி1-12706. வில்லை என்பது என் சொல். கடையில் 'பெல்டியர் பிளேட்' என்றால்தான் எடுத்துத் தருவார்கள். நாலு சென்டிமீட்டர் சதுரம். விவரமெல்லாம் பெயரிலேயே இருக்கிறது: 127 குறைகடத்தி இணைகள், உச்ச மின்னோட்டம் 6 ஆம்பியர். மின்சாரம் பாய்ந்தால் ஒரு முகத்தின் வெப்பத்தை மறுமுகத்துக்குத் தள்ளும். 1834இல் பெல்தியே என்ற பிரெஞ்சுக்காரர் கண்ட விளைவு.

பட்டறையில் கிடந்த 15 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மரையும் ஏசியை டிசியாக்கும் ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையரையும் மாட்டினேன். மீட்டர் 12 வோல்ட் காட்டியது. சரி, இது போதும் என்று கொடுத்தனுப்பினேன். விசிறி சுற்றியும், சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்க்கில் கை வைக்க முடியவில்லை, உள்ளே பூ வாடிக் கிடந்தது. மைத்துனர் ஒன்றும் சொல்லவில்லை. பெட்டியைத் திண்ணையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அப்புறம்தான் அதே முனைகளில் மீட்டரை ஏசி பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஐந்தரை வோல்ட்டுக்கு மேல்! டிசி பக்கம் காட்டிய 12 வெறும் சராசரி. மின்தேக்கி (கெபாசிட்டர்) போடாத பிரிட்ஜில் மின்னழுத்தம் நொடிக்கு 100 தடவை பூச்சியம் வரை விழுந்து எழுகிறது. இதுதான் ரிப்பிள்.

விளக்குக்கு இது பெரிய விஷயமில்லை. வில்லைக்கு அப்படியில்லை. குளிர்விக்கும் வேலை மின்னோட்டத்துக்கு ஏற்பக் கூடும். வில்லைக்குள் உண்டாகும் சூடோ மின்னோட்டத்தின் இருமடிக்கு (வர்க்கத்துக்கு) ஏற்பக் கூடும். எல்இடி டிம்மர் மாதிரி விட்டுவிட்டுக் கொடுக்கும் கருவியை மாட்டுகிறீர்கள், பாதி நேரம் 4 ஆம்பியர், பாதி நேரம் ஒன்றுமில்லை என்று வையுங்கள். சராசரி 2. சூட்டுக் கணக்கு 4×4, அதாவது 16இல் பாதி, 8. சீராக 2 கொடுத்தால் 2×2, 4தான். தள்ளும் வேலை அதேதான், சூடு மட்டும் இரட்டிப்பு. என் பிரிட்ஜ் அவ்வளவு மோசமில்லை, சூடு 23 சதவீதம் கூடுதல். பூவுக்கு அதுவே தாங்கவில்லை.

இனி சொல்லுக்கு வருகிறேன். அலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போவது. ரிப்பிள் எங்கேயும் போவதில்லை. இடுப்பில் வைத்த குடத்துத் தண்ணீர் போல, நிற்க வேண்டிய மட்டம் நிற்காமல் ஏறி இறங்குகிறது. அதற்குத் தமிழில் தளும்புதல் என்றுதானே பெயர்? 'ததும்பல்' வேண்டாம், அது நிறைந்து நிற்பதைச் சொல்வது. இன்னொரு வசதி, மின்தேக்கி என்ற சொல்லில் தேக்கு ஏற்கெனவே இருக்கிறது. தேக்கினால் தளும்பல் அடங்கும் என்று சொன்னால், கண்மாய் பார்த்த பையனுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. தளும்பல் விகிதம், தளும்பாத மின்வழங்கி (பவர் சப்ளை) என்று ஒட்டுச்சொற்களும் சிரமமில்லாமல் வருகின்றன.

மின்வழங்கி எது வாங்குவது என்று தனியாகக் கேட்டிருந்தவருக்கு: இந்த வில்லை 12 வோல்ட்டில் நாலு, நாலரை ஆம்பியர் இழுக்கும். 12 வோல்ட், 6 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ் (ஸ்விட்ச் மோடு பவர் சப்ளை) ஒன்று தாராளம். தளும்பல் 10 சதவீதத்துக்குள் இருந்தால் கூடுதல் சூடு ஏறக்குறைய ஒரு சதவீதம்தான். அதற்காக ஆய்வகத்துச் சரக்குக்குக் காசைக் கொட்ட வேண்டாம். என் பெட்டியும் இப்போது எஸ்எம்பிஎஸ்ஸில்தான் ஓடுகிறது, மாட்டுத்தாவணிக்கே திரும்பிப் போய்விட்டது.

ஒரு குறை மட்டும் எனக்கே உறுத்துகிறது. எங்கள் ஊர்ப் பேச்சில் ழகரமும் ளகரமும் ஒன்றுதான். 'தளும்பல்' என்று சொன்னால் பையன்கள் நோட்டில் 'தழும்பல்' என்று எழுதுவார்கள், எங்கோ காயம் பட்ட மாதிரி. இதற்கு யாரிடமாவது வழி இருந்தால் எழுதுங்கள்.