நாட்டுப்புற நாடகங்களுக்கென்று தனிச் சேனல்: இப்போது தொடங்குவது தகுமா?

வாடிப்பட்டி வாசகன் (கேள்வி)

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் நெடுங்காலமாகக் கேபிள் தொழில் நடத்திவரும் என் மைத்துனரும் அவருடைய நண்பர்கள் சிலரும், திருவிழாக்களில் விடிய விடிய நடக்கும் இசை நாடகங்கள், கரகாட்டம், நையாண்டி மேளம் ஆகியவற்றை மட்டுமே ஒளிபரப்பும் செயற்கைக்கோள் சேனல் ஒன்றைத் தொடங்கப் பேசி வருகிறார்கள். என்னையும் பங்கு சேரச் சொல்கிறார்கள். மதுரை, தேனி, சிவகங்கை, புதுக்கோட்டை மாவட்டங்களில் இக்கலைகளுக்குக் கூடும் கூட்டத்தைப் பங்குனி, சித்திரை மாதங்களில் எந்த ஊர்த் திடலிலும் காணலாம் என்பதால், ரசிகர்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் என் வீட்டுப் பிள்ளைகள் செட்டாப் பாக்ஸைத் தொட்டே வெகுகாலம் ஆகிறது. ஒரே பொருளைக் காட்டும் சிறிய சேனல்களுக்கு இனி இடம் உண்டா, உண்டென்றால் அது யார் பணத்தில் நடக்கும் என்பதைத் துறை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

கூடல் நகரான்

ஆசையை ஒதுக்கி வைத்துவிட்டு, முதலில் செலவைப் பாருங்கள். 2022 நவம்பரில் வந்த மத்திய அரசின் வழிகாட்டு நெறிகளின்படி, செய்தி அல்லாத ஒரு சேனலுக்கு அனுமதி பெறவே நிறுவனத்தின் நிகர மதிப்பு 5 கோடி ரூபாயாக இருக்க வேண்டும். அதன்பின் சேனலைச் செயற்கைக்கோளுக்கு ஏற்றும் அப்லிங்கிங்குக்கு 2 லட்சம், அதை அங்கிருந்து இறக்கும் டவுன்லிங்கிங்குக்கு 5 லட்சம் என்று ஆண்டுதோறும் கட்டணம் உண்டு. செயற்கைக்கோள் அலைவரிசை வாடகையும் டெலிபோர்ட் (செயற்கைக்கோளுக்கு அனுப்பும் தரைநிலையம்) செலவும் தனி.

இதற்குப் பிறகுதான் உங்கள் மைத்துனருக்கு நன்றாகத் தெரிந்த கேரியேஜ் கட்டணம், அதாவது சேனலைத் தன் வலைப்பின்னலில் ஏற்றக் கேபிள் நிறுவனம் வாங்கும் தொகை, வருகிறது. சாதாரணத் தரச் சேனலுக்கு ஓர் இணைப்புக்கு மாதம் அதிகபட்சம் 20 பைசா என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2017-இல் உச்சவரம்பு வைத்தது. கேட்கச் சிறியதாக இருக்கும் இத்தொகை, 10 லட்சம் இணைப்புகள் உள்ள ஒரே ஒரு எம்.எஸ்.ஓ.விடம் (உள்ளூர்க் கேபிள்காரர்களுக்குச் சேனல்களைத் தொகுத்து அனுப்பும் பெரிய நிறுவனம்) மாதம் 2 லட்சம் ரூபாய் வரை போய் நிற்கும். தென் மாவட்டங்களை முழுதாகச் சேர வேண்டுமானால் ஒரு எம்.எஸ்.ஓ. போதாது.

வரவு எங்கிருந்து வரும்? 2019-இல் நடைமுறைக்கு வந்த புதிய கட்டண முறைப்படி வேண்டிய சேனலைப் பார்ப்பவரே தேர்ந்தெடுக்கலாம் என்று ஆனபோது, இது சிறிய சேனல்களுக்கு நன்மை செய்யும் என்று பலர் எழுதினார்கள். நடந்தது வேறு. ஒவ்வொன்றாகத் தேர்ந்தெடுக்கும் பொறுமை யாருக்கும் இல்லாததால், பெரிய நிறுவனங்களின் தொகுப்புகளே வீட்டுக்குள் நுழைந்தன. சன் மியூசிக், ஆதித்யா, சுட்டி டி.வி. போன்றவை ஒரே பொருளைக் காட்டும் சேனல்கள்தான் என்றாலும், தாய்ச் சேனலுடன் ஒரே தொகுப்பில் அவை வீடு சேர்ந்துவிடுகின்றன. தனித்து நிற்பவருக்கு அந்தத் துணை இல்லை. இலவசச் சேனலாக விட்டால் விளம்பரம் ஒன்றே கதி. விளம்பர நிறுவனங்களோ பார்வையாளர் எண்ணிக்கையை அளக்கும் பார்க் அமைப்பின் மாதிரி வீடுகளில் கிடைக்கும் எண்ணைப் பார்த்தே பணம் தருகின்றன. நான்கைந்து மாவட்டங்களில் மட்டும் ஆழமாக வேரூன்றிய ரசனை, நாடு முழுவதற்குமான அந்த மாதிரியில் ஏறக்குறைய தெரியவே தெரியாது.

இந்தச் சந்தையும் சுருங்கிக்கொண்டிருக்கிறது. 2020-இல் ஏறத்தாழ 7 கோடியாக இருந்த நாட்டின் கட்டண டி.டி.எச். இணைப்புகள் 2024 முடிவில் 6 கோடிக்கும் கீழே இறங்கிவிட்டன. எச்.பி.ஓ. போன்ற புகழ் பெற்ற சேனலே 2020 டிசம்பரில் இந்தியாவில் நிறுத்தப்பட்டது என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

மேலூர் ஓய்வு ஆசிரியர்

மேலே உள்ள கணக்கை மறுக்கவில்லை, ஆனால் எச்.பி.ஓ. இங்கே பொருந்தும் உதாரணம் அன்று. அதைப் பார்த்தவர்கள்தாம் முதலில் பிராட்பேண்ட் இணைப்பு வாங்கியவர்கள். இசை நாடகத்தை விரும்பும் அறுபது வயதுக்காரர் தேடிப் பார்ப்பவர் அல்லர், ரிமோட்டில் ஓர் எண்ணை அழுத்தியதும் தானாக ஓட வேண்டும் என்று எதிர்பார்ப்பவர். செல்லூர்த் தறிக்கூடங்களில் வேலை முடியும் வரை ஒரே பாட்டுச் சேனல் ஓடிக்கொண்டிருப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புரியும்; அடுத்து எதைப் பார்ப்பது என்று கைவேலையை நிறுத்திவிட்டுத் தேர்ந்தெடுக்க அங்கே யாரும் இல்லை. யூடியூப் தானாக அடுத்ததை ஓட்டும் என்பீர்கள், ஆனால் நாடகத்தில் தொடங்கி நான்காவது வீடியோவில் அது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை நாம் அறிவோம்.

2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி, மறு ஆண்டு பள்ளிகள் மூடப்பட்டபோது செல்பேசி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கும் பாடத்தைக் கொண்டுசேர்த்தது. அதற்கு அரசுப் பணம் இருந்தது, உண்மை. நாட்டுப்புறக் கலைக்கும் ஏதேனும் ஒரு பொது நிதி இருக்க வேண்டும் என்பது என் கருத்து. டி.டி. தமிழில் இதற்கு நேரம் கேட்பதைக்கூட யாரும் முயன்றதாகத் தெரியவில்லை.

பழங்காநத்தம் கேபிள்காரன்

செயற்கைக்கோள் வரை போக வேண்டியதே இல்லை. எம்.எஸ்.ஓ. தன் வலைப்பின்னலுக்குள் மட்டும் நடத்தும் உள்ளூர்ச் சேனல்கள், விதிகளின் மொழியில் பிளாட்ஃபார்ம் சர்வீஸ் என்ற வகையில் வருகின்றன. இவற்றுக்குச் சேனல் ஒன்றுக்கு ஒரு முறை 1,000 ரூபாய் பதிவுக் கட்டணம் செலுத்தினால் போதும். ஆனால் ஒரு எம்.எஸ்.ஓ.வின் உள்ளூர்ச் சேனலை இன்னொருவருடன் பகிர்ந்துகொள்ளக் கூடாது. வழிபாட்டுத் தலங்களின் நேரலைக்கு மட்டும் விலக்கு உண்டு என்பதால், மீனாட்சி திருக்கல்யாணத்தைப் பலர் ஒரே நேரத்தில் காட்டத் தடையில்லை. இசை நாடகத்தை அப்படிப் பலர் பகிர்ந்து காட்ட முடியாது.

எனக்கு இதைவிடப் பெரிய கவலை உரிமை பற்றியது. நாடகத்தில் பபூனும் டான்ஸும் மேடையேறினால் பாதி நேரம் சினிமாப் பாட்டு மெட்டுத்தான் என்பது எல்லாருக்கும் தெரியும். அதை யூடியூபில் ஏற்றினால், மெட்டைக் கண்டுபிடித்து அந்த வீடியோவின் வருவாயை இசை நிறுவனம் கோரிவிடக் கூடும். கேபிளில் போட்டாலும் சட்டப்படி உரிமம் வேண்டும். அங்கே பிடிக்கும் இயந்திரம் இல்லை என்பதே வேறுபாடு. மேலும், பதிப்புரிமைச் சட்டம் கலைஞர்களுக்கே நிகழ்த்துநர் உரிமையை 50 ஆண்டுகளுக்குத் தருகிறது. ஊர்க் கமிட்டி அனுமதி கொடுத்துவிட்டது என்பதால், ராஜபார்ட்டும் ஆர்மோனியக்காரரும் கையெழுத்திட்டுக் கொடுத்ததாக ஆகிவிடாது. இந்தக் கையெழுத்துகளை முறையாக வாங்கிப் பதிவு செய்து வைத்திருப்பவரிடம் நாளை எந்தச் செயலியும் எந்தச் சேனலும் வந்து கேட்கும். வாங்காதவரிடம் சேனல் இருந்தும் பயனில்லை.

வாடிப்பட்டி வாசகன்

அனைவருக்கும் நன்றி. மைத்துனரிடம் ஏற்கெனவே பல ஆண்டுப் பதிவுகள் டேப்பிலும் ஹார்ட் டிஸ்க்கிலும் குவிந்திருக்கின்றன. எதற்கும் எழுத்து மூலமான ஒப்புதல் இல்லை. அவற்றை என்ன செய்வது?

பழங்காநத்தம் கேபிள்காரன்

உயிருடன் இருக்கும் கலைஞர்களை முதலில் தேடிப் பிடியுங்கள், ஐயா. பெரும்பாலானோர் நாடக நடிகர் சங்கங்களில் உறுப்பினராக இருப்பார்கள் என்பதால், சங்கத்தின் வழியாகச் சென்றால் முகவரி கிடைப்பது எளிது. வருவாயில் பங்கு தருவதாக எழுதிக் கொடுத்தால் மறுப்பவர்கள் குறைவு. டேப்பில் இருப்பவற்றைப் பூஞ்சை பிடிப்பதற்குள் டிஜிட்டலாக மாற்றுவதைப் பங்குப் பணத்தின் முதல் செலவாக வையுங்கள். சேனல் அனுமதிக்கு விண்ணப்பிப்பதை அதற்குப் பின் பார்த்துக்கொள்ளலாம்.