கலைச்சொல் விவாதம்: தலைக்குறை, இடைக்குறை, அடியிறக்கம் (ஹாட் ராட் மாதிரிக் கார்களுக்கு)

அன்புள்ள நண்பர்களுக்கு,

ஹாட் ராட் என்பது வேகத்துக்காக வெட்டி மாற்றிக் கட்டிய பழைய கார். அதன் சிறிய பிளாஸ்டிக் மாதிரிகளைக் கட்டும்போது நாம் செய்யும் வேலைகளுக்குத் தமிழில் என்ன பெயர் வைப்பது என்று ஆளுக்கொரு விதமாகக் கேட்டிருந்தாலும் கேள்வி ஒன்றுதான் என்று படுகிறது, அதனால் எல்லாவற்றுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும்.

> சாப்பிங், செக்‌ஷனிங், சேனலிங் மூன்றிலும் கார் தாழத்தானே செய்கிறது? "தாழ்த்தல்" என்ற ஒரே சொல் போதாதா?

போதாது. தாழ்ந்திருப்பது வேலை முடிந்த பிறகு பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவது. ரம்பத்தைக் கையில் எடுத்தவருக்கு வேண்டியது எங்கே வெட்டுவது என்ற தகவல். சாப்பிங்கில் ஜன்னல் தூண்களில் ஒரு துண்டை எடுத்துவிட்டுக் கூரையைக் கீழே கொண்டுவந்து ஒட்டுகிறோம், ஜன்னல் விளிம்புக்குக் கீழே எதுவும் மாறுவதில்லை. செக்‌ஷனிங்கில் கூரை, ஜன்னல் எல்லாம் அப்படியே இருக்கும், காரின் இடுப்பைச் சுற்றி ஒரு பட்டையை உருவி எடுத்துவிட்டு மேல்பாதியையும் கீழ்ப்பாதியையும் சேர்க்கிறோம். சேனலிங்கில் தரையைச் சுற்றி அறுத்து, சேசிஸ் சட்டங்கள் (உடலைத் தாங்கும் அடிச்சட்டங்கள்) உடலுக்குள்ளே போகும்படி உடலையே கீழே இறக்குகிறோம், உடலின் உயரம் ஒரு மி.மீ. கூடக் குறைவதில்லை. இது போக, உடலைத் தொடாமல் முன் அச்சையும் ஸ்பிரிங்குகளையும் மாற்றி வண்டியை இறக்குவது நான்காவது வேலை. "தாழ்த்தல்" என்ற சொல் அதற்குத்தான் நியாயமாகச் சேரவேண்டும். நான்குக்கும் ஒரே பெயர் வைத்தால், வழிகாட்டிக் குறிப்பைத் தமிழில் படித்துச் செய்கிறவர் கூரையை வெட்டவேண்டிய இடத்தில் கதவை வெட்டிவிட்டு நிற்பார்.

சரி, வேறு வேறு சொல் வேண்டுமென்றால் எங்கே போவது? புதிதாக எதையும் செதுக்க வேண்டியதில்லை, தமிழ் இலக்கணத்திலேயே தயாராக இருக்கிறது என்பதுதான் என் வாதம். செய்யுள் விகாரத்தில் குறை என்று மூன்று வகை படித்திருப்போம். தாமரை என்பது மரை என்று நின்றால் முதற்குறை, இதைத் தலைக்குறை என்றும் சொல்வதுண்டு. ஓந்தி, ஓதி ஆனால் இடைக்குறை. நீலம், நீல் ஆனால் கடைக்குறை. யாப்புக்காகச் சொல்லின் ஒரு பகுதியை எடுத்துவிடுகிறார்கள், ஆனால் பொருள் போய்விடுவதில்லை, மரை என்றாலும் அங்கே தாமரைதான். ஹாட் ராட் கட்டுபவர்கள் 1932 ஃபோர்டுக்குச் செய்வதும் இதுவேதான். தூணில் துண்டு எடுத்த பிறகும் அது 1932 ஃபோர்டு என்று பார்த்தவுடன் தெரிய வேண்டும், தெரியவில்லை என்றால் வெட்டு தப்பு. இவ்வளவு பொருத்தமாக ஒரு சொற்குடும்பம் கையிலிருக்கும்போது "கூரை வெட்டல்", "நடுப்பட்டை அகற்றல்" என்று விளக்கத்தையே பெயராக வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

ஆகவே சாப்பிங்குக்குத் தலைக்குறை, செக்‌ஷனிங்குக்கு இடைக்குறை. முதற்குறை என்று ஏன் வைக்கக்கூடாது என்றால், காரில் முதல் என்றவுடன் முன்பக்கம், பானெட் என்றுதான் மனம் போகும். தலை என்றால் மேலே, குழப்பமில்லை.

> தலைக்குறை என்பது ஏதோ தலையில்லாத வண்டி மாதிரி ஒலிக்கிறதே?

குறை என்பது இன்மை இல்லை, குறைவுதான். அதோடு, எவ்வளவு குறை என்று அளவையும் கூடவே சொல்லிப் பழகிவிட்டால் இந்தச் சந்தேகம் வராது: "3 அங்குலத் தலைக்குறை". அசல் காரில் 3 அங்குலம் என்றால் 76.2 மி.மீ., 1/25 மாதிரியில், அதாவது அசலில் 25இல் ஒரு பங்கு அளவுள்ளதில், அது 3 மி.மீ.தான். இந்த 3 மி.மீ.யில்தான் கூர்ந்த கை எது, அவசரக் கை எது என்று தெரிந்துவிடுகிறது. தூண்களில் மறைப்பு டேப்பை இரண்டு வரியாக ஒட்டி, இரண்டுக்கும் நடுவே சரியாக 3 மி.மீ. விட்டு, மெல்லிய ரம்பத்தால் டேப்பின் விளிம்பை ஒட்டியே அறுக்க வேண்டும். ஒரு தூணில் அரை மி.மீ. கூடினாலும் கூரை ஒரு பக்கமாகச் சரிந்து உட்காரும். அப்புறம் மாதிரியின் உதிரிபாகப் பெட்டியில் வந்த கண்ணாடி பொருந்தாது, தெளிவான பிளாஸ்டிக் தாளில் புதிதாக வெட்டிக்கொள்ள வேண்டும்.

1932 ஃபோர்டுக்கு இது எளிது, ஏனென்றால் தூண்கள் ஏறக்குறைய நேராக நிற்பவை. 1949 மெர்க்குரியில் இதே வேலை வேறு. முன் தூண் பின்னோக்கிச் சாய்ந்திருக்கும், பின் கண்ணாடி முன்னோக்கிச் சாய்ந்திருக்கும், துண்டை எடுத்துவிட்டுக் கூரையை நேராக இறக்கினால் கீழே நிற்கும் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் இடையிலுள்ள தூரத்துக்கு அதன் நீளம் போதாமல் போகும். கூரையைக் குறுக்கே அறுத்து நடுவில் பட்டை சேர்த்து நீட்ட வேண்டும், இல்லாவிட்டால் தூண்களைச் சாய்க்க வேண்டும். அதாவது உயரத்தில் குறைக்கப்போய் நீளத்தில் கூட்ட வேண்டியிருக்கிறது. இதற்குத் தனிச்சொல் கேட்டிருந்தார் ஒருவர். வேண்டாம், "கூரை நீட்டல்" என்று நேராகச் சொன்னாலே போதும். பெயர் வைக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு வெட்டுக்கும் வைத்துக்கொண்டே போகலாம், யார் நினைவில் வைத்துக்கொள்வது?

கூரையைக் குறைக்கும் பழக்கம் எதற்கு வந்தது என்பதையும் இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும், பெயர் சரியா என்று பார்க்க அதுவும் உதவும். தெற்குக் கலிபோர்னியாவின் முரோக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் பழைய ஃபோர்டு வண்டிகளை வேகத்துக்காக ஓட்டினார்கள், அந்த ஓட்டங்களை முறைப்படுத்த 1937இல் தென் கலிபோர்னியா டைமிங் அசோசியேஷன் அமைந்தது. காற்றை எதிர்க்கும் முகப்பைச் சிறிதாக்கினால் வேகம் கூடும், அதனால் கூரை இறங்கியது, மட்கார்டுகள் கழன்றன. தேவையில்லாததைக் குறைத்துக்கொண்டே போன கலை இது. அழகு என்று பார்த்துச் செய்வது பிறகு தனி வழியாகவே வளர்ந்தது, ஜார்ஜ் பாரிஸ் போன்ற கார் வடிவமைப்பாளர்கள் மெர்க்குரிகளை வெட்டியதெல்லாம் அந்த வழி. எந்த வழியானாலும் குறைத்தல்தான் மையம், அதனால் "குறை" என்பது ஒலிக்காக மட்டும் பொருந்துகிற சொல் இல்லை.

இடைக்குறையைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பார்க்க எளிய வேலை மாதிரி இருக்கும், உண்மையில் மூன்றிலும் இதுதான் கடினம். 4 அங்குலம் என்று முடிவு செய்தால் 1/25இல் 4 மி.மீ.க்குக் கொஞ்சம் மேல், ஆனால் அந்தப் பட்டை கதவில், பின் பக்கவாட்டில், மட்கார்டில், முன் கிரில்லில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் போக வேண்டும். சக்கர வளைவு வட்டமாகவே இருக்க வேண்டுமென்றால் வெட்டுக்கோடு அங்கே மேலேறிப் போக வேண்டும். எல்லாம் முடிந்து உள்ளே இருக்கையும் தரையும் சேர்ந்த தொட்டியை வைத்தால் அது ஜன்னல் விளிம்புக்கு மேலே எட்டிப் பார்க்கும், எஞ்சின் பானெட்டை முட்டும். இதைப் படிக்கிறவருக்கு முன்கூட்டியே தெரியவேண்டும், அதனால் சொல்லின் விளக்கத்திலேயே "உள்தொட்டியும் குறைக்கப்பட வேண்டும்" என்று சேர்க்கச் சொல்கிறேன்.

> அப்படியானால் சேனலிங்குக்குக் கடைக்குறை என்று வைத்தால் மூன்றும் அழகாக அமைந்துவிடுமே!

அழகாகத்தான் அமையும், ஆனால் பொய்யாகிவிடும். மேலே சொன்னபடி சேனலிங்கில் உடலிலிருந்து உயரம் எதுவும் போவதில்லை. தரையில் அறுப்பு இருக்கிறது, ஆனால் அது உடல் இறங்குவதற்கு வழிவிடும் அறுப்பு. வரிசை பொருந்துகிறதே என்று தவறான பெயரை வைத்தால் பின்னால் வருகிறவர்கள் அதை நம்பி உடலின் அடிப்பகுதியை அறுத்து எறிவார்கள். இதற்கு "அடியிறக்கம்" என்கிறேன். மட்கார்டு இல்லாமல், உடல் சேசிஸுக்கு மேலேயே உட்கார்ந்திருக்கும் வண்டியை ஹைபாய் என்பார்கள், அடியிறக்கம் செய்யாததன் அடையாளமே அதுதான். அதை "மேலமர்வு" என்று வைத்தால் இரண்டும் எதிரெதிராக நன்றாக நிற்கும்.

அடுத்தது கிட்பேஷிங், அதாவது பல மாதிரிப் பெட்டிகளின் பாகங்களைக் கலந்து ஒரே கார் கட்டுவது. "பெட்டி மோதல்", "உதிரி அடி" என்றெல்லாம் வந்த பரிந்துரைகளை ஏற்கக்கூடாது. ஆங்கிலச் சொல்லில் அடி இருக்கிறது என்பதற்காகத் தமிழிலும் அடிக்க வேண்டுமா? வேலை என்ன? ஒரு பெட்டியின் உடலில் இன்னொரு பெட்டியின் எஞ்சின், மூன்றாவதிலிருந்து சக்கரம். மாங்கன்றில் வேறு மரத்தின் கிளையைச் சேர்ப்பதற்கு நம்மிடம் "ஒட்டுக்கட்டுதல்" என்ற சொல் ஏற்கனவே இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்ளலாம்: ஒட்டுக்கட்டு, ஒட்டுக்கட்டிய கார். ஸ்டைரீன் பிளாஸ்டிக்குக்கான கரைப்புப் பசை இரண்டு பக்கத்தையும் இளக்கி ஒன்றாகவே ஆக்கிவிடுவதால் பொருள் இன்னும் நெருங்கி வருகிறது. இணைப்பு நன்றாக இறுகும்வரை அதன்மேல் பட்டி பார்க்கவோ உப்புத்தாள் போடவோ கூடாது, அவசரப்பட்டால் பெயின்ட் அடித்த பிறகு ஒரு மெல்லிய பள்ளக்கோடு எழுந்து வரும்.

ஒட்டுக்கட்டில் விகிதம் பார்க்காமல் கை வைப்பவர்களுக்காக ஒரு கணக்கு. 1932 ஃபோர்டில் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 106 அங்குலம். 1/25இல் அது 107.7 மி.மீ., 1/24இல் 112.2 மி.மீ. எஞ்சினோ இருக்கையோ என்றால் இந்த வித்தியாசத்தைக் கண் பொறுத்துக்கொள்ளும், ஒன்றின் சேசிஸை இன்னொன்றின் உடலுக்குப் போட்டால் சக்கரம் வளைவுக்கு நடுவே நிற்காது. இதனால்தான் ஸ்கேல் மாடல் என்பதற்கு "சிறுவடிவம்", "குட்டி கார்" ஆகியவற்றைவிட "விகித மாதிரி" என்பதை நான் ஆதரிக்கிறேன். விகிதம் பிசகினால் இந்தப் பொழுதுபோக்கே இல்லை.

> கஸ்டமைஸ் என்பதற்குத்தான் "தனிப்பயனாக்கல்" இருக்கிறதே?

கணினித் திரையின் அமைப்புகளுக்கு அது நல்ல சொல், அங்கேயே இருக்கட்டும். மாதிரிக் கார்ப் பெட்டிகள் தயாரித்த ஏ.எம்.டி. நிறுவனம் 1958இல் ஒரே பெட்டியில் மூன்று விதமாகக் கட்டும் கார்களைக் கொண்டுவந்தது: கம்பெனியிலிருந்து வந்தபடி, மாற்றிக் கட்டியபடி, பந்தயத்துக்கு ஏற்றபடி. அந்த நடுவிலுள்ளதைத் "தனிப்பயனாக்கிய கார்" என்று சொல்லிப் பாருங்கள், உயிரே இல்லை. "மாற்றுக்கட்டு" என்றால் வேலை தெரிகிறது.

ஹாட் ராட் என்பதை மட்டும் அப்படியே விட்டுவிடுவோம். "சூடான தண்டு" என்று விளையாட்டுக்குக்கூட யாரும் எழுத வேண்டாம். அது ஓர் இடத்தில், ஒரு காலத்தில், குறிப்பிட்ட மனிதர்கள் தங்கள் வண்டிக்கு வைத்துக்கொண்ட பெயர், பெயரை மொழிபெயர்ப்பதில்லை. அவர்கள் கையால் செய்த வேலைகளுக்குத்தான் நமக்குச் சொல் வேண்டும், ஏனென்றால் அந்த வேலைகளை நாமும் செய்கிறோம்.

சின்னச் சின்னவை: கைப்பிடி, சின்னம், அலங்காரப் பட்டையெல்லாம் நீக்கி வழுவழுப்பாக்குவதற்கு மழிப்பு. முன்பக்கம் தாழ்ந்து நிற்கும் நிலைக்கு முன்தாழ்வு. தூரிகையால் இழுக்கும் மெல்லிய அலங்கார வரிக்கு இழைக்கோடு. பிரைமர் (பெயின்டுக்கு முந்தைய அடிப்பூச்சு), டீகால் (ஒட்டுப்படம்), குரோம் ஆகியவை புழக்கத்தில் ஊறிவிட்டன, தொட வேண்டாம்.

முகப்பு விளக்கை உடலுக்குள் அமிழ்த்தி விளிம்பை உடலோடு இழைப்பதற்கு "உட்பதிப்பு" என்று ஒரு பரிந்துரை வந்திருக்கிறது. அமிழ்த்துவது அதில் இருக்கிறது, விளிம்பு மறைவது இல்லை. அந்த வேலையில் பாதிக்குமேல் விளிம்பை மறைப்பதுதான், எனவே "இழைப்பதிப்பு" என்று மாற்றிப் பார்க்கிறேன். ஆட்சேபம் இருந்தால் எழுதுங்கள், அதுவரை பட்டியலில் இதற்கு நேரே கேள்விக்குறி போட்டு வைக்கிறேன்.

அன்புடன்