நன்னடத்தை இல்லத்தில் உள்ள பிள்ளையின் முறைப்பாட்டுப் பதிவைத் தாய் கேட்டுப் பெற முடியுமா?

கேள்வி – தலவாக்கலை வாசகர்

அனைவருக்கும் வணக்கம். என் அக்காவின் மகனுக்கு 15 வயது. நீதவான் நீதிமன்றக் கட்டளையின் பேரில் வேறு மாகாணமொன்றிலுள்ள அரச நன்னடத்தை இல்லத்தில் இருக்கிறான். சென்ற வாரம் அக்கா பார்க்கப் போனபோது, பணியாளர் ஒருவர் தன்னை அடித்ததாகவும், மேற்பார்வையாளரிடம் முறையிட்டபோது அவர் அதைப் பதிவேட்டில் எழுதிக்கொண்டதாகவும் சொல்லியிருக்கிறான். அவனது இடது முழங்கை வீங்கியிருந்தது. அந்தப் பக்கத்தின் பிரதியைக் கேட்டதற்கு “உள்ளக ஆவணம்” என்று மறுத்துவிட்டு, முழுவதும் சிங்களத்திலிருந்த தாளொன்றில் கையொப்பமிடச் சொன்னார்களாம். கொழுந்து பறிக்கும் அக்காவுக்கு அதை வாசிக்கத் தெரியாது; ஒப்பமிடாமல் திரும்பிவிட்டார். பதிவைக் கேட்க இலங்கைச் சட்டத்தில் இடமுண்டா?

பதில் – ஹற்றன் ஆசிரியை

பதிவேட்டுக்கு முன்னால் பிள்ளையின் கையைக் கவனியுங்கள் ஐயா. வீக்கம் வற்றிவிட்டால் அதை எவராலும் காட்ட முடியாது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு இன்றே சொல்லுங்கள். சட்டத்தரணி ஒருவர் மூலம் அதே நீதவானிடம் நகர்த்தல் பத்திரம் (கட்டளை கேட்கும் மனு) சமர்ப்பித்து, சட்ட வைத்திய அதிகாரியின் (காயங்களைப் பரிசோதித்து நீதிமன்றத்துக்கு அறிக்கை தரும் அரச மருத்துவர்) பரிசோதனைக்குக் கட்டளை கேட்கலாம்; பணமில்லையென்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது. மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். நீதிமன்றக் கட்டளையால் தடுத்து வைக்கப்பட்டோரின் நலனைக் கண்காணிக்கும் அதிகாரத்தை 1996ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் அதற்கு வழங்கியிருக்கிறது. அடிப்படை உரிமை மீறலுக்காக உயர் நீதிமன்றம் செல்ல ஒரு மாதமே கால எல்லை என்பதால், இந்த முறைப்பாட்டையும் அந்த மாதத்துக்குள்ளேயே செய்துவிடுங்கள்.

பதில் – கண்டி சட்ட மாணவர்

ஆசிரியை சொன்ன வரிசையே சரி. ஆவணத்தைப் பொறுத்தவரை, 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்குத் துணை நிற்கிறது. “உள்ளக ஆவணம்” என்பது மட்டும் அதில் மறுப்புக்கான காரணமல்ல. தனிப்பட்ட தகவல் என்றுதான் அடுத்து மறுப்பார்கள். ஆனால் சம்பந்தப்பட்டவர் எழுத்தில் சம்மதித்தால் அந்தத் தடை விலகும் என்று 5ஆம் பிரிவே சொல்வதால், மகனின் கையொப்பத்துடன் ஒரு சம்மதக் கடிதம் வாங்கி இணையுங்கள். விண்ணப்பத்திலும் அவனையே முதல் விண்ணப்பதாரராகவும் தாயை இரண்டாமவராகவும் காட்டுவது நல்லது. ஏனெனில் உயிரும் தனிமனித சுதந்திரமும் தொடர்பான கோரிக்கைக்கு 48 மணித்தியாலத்தில் பதிலளிக்க வேண்டும் என்ற ஏற்பாடு, விண்ணப்பிப்பவரின் சொந்த உயிரையும் சுதந்திரத்தையும் பற்றியே பேசுகிறது. மற்றப்படி முடிவெடுக்க 14 வேலை நாட்கள் உண்டு.

“எல்லாப் பதிவுகளும்” என்று கேட்காதீர்கள். எந்தத் திகதியில், யாரிடம் முறையிட்டான், அதன்மேல் என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். ஏனைய பிள்ளைகளின் பெயர்களை மறைத்துத் தரும்படியும் எழுதுங்கள். பகுதியாகத் தருவதற்குச் சட்டம் இடமளிக்கிறது. காரணம் எதுவும் சொல்லத் தேவையில்லை. எழுத இயலாதவர் வாய்மூலம் கேட்டால், அதை எழுத்தில் பதிய வேண்டியது தகவல் அலுவலரின் கடமை. நன்னடத்தைச் சேவை (probation) மாகாண சபை விடயம் என்பதால், இல்லம் எந்த மாகாணத்திலோ அந்த மாகாணத் திணைக்களத்தின் தகவல் அலுவலருக்கே விண்ணப்பம் போக வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலருக்கு (மேன்முறையீட்டைக் கேட்க அந்த நிறுவனத்திலேயே நியமிக்கப்பட்டவர்) 14 நாட்களுக்குள்ளும், அதன்பின் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவுக்கு இரண்டு மாதங்களுக்குள்ளும் மேன்முறையீடு செய்யலாம்.

பதில் – நுவரெலியா மொழிபெயர்ப்பாளர்

அக்கா ஒப்பமிடாமல் வந்தது மிகச் சரி. சிங்களம் நிர்வாக மொழியாக உள்ள பகுதியிலும் தமிழில் தொடர்புகொள்ளும் உரிமையை அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை தருகிறது. பிரதி பெறச் சட்டம் உரிமை வழங்கும் ஆவணமென்றால், அதன் தமிழ் மொழிபெயர்ப்பையும் கேட்கலாம். விண்ணப்பத்திலேயே ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மிக்க நன்றி. 1929க்குச் சொல்லிவிட்டோம். விண்ணப்பத்தைத் தபாலில் அனுப்பினால் போதுமா?

கண்டி சட்ட மாணவர்

போதும், பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டை வைத்திருங்கள். நேரில் கொடுத்தால், விண்ணப்பம் கிடைத்ததற்கான எழுத்து மூல அத்தாட்சியை உடனே தர வேண்டும் என்பது சட்டம். அதை வாங்காமல் வராதீர்கள்.