கப்பி தொட்டிக்கு அடித்தள மீன்: சக்கரா, கோரியா?

தொட்டிக்காரன்:
வணக்கம். மதுரையில் 2 அடி தொட்டி (24×12×15 அங்குலம்), ஸ்பாஞ்ச் பில்டர், அடியில் கலர் கல். மீன் விடாமல் அம்மோனியா ஊற்றியே சைக்கிள் (மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாவை வளர்ப்பது) முடித்து, ஆறு கப்பி விட்டேன். இன்றைய டெஸ்டில் அம்மோனியா 0, நைட்ரைட் 0, நைட்ரேட் 20. மிஞ்சுகிற தீனி கல்லுக்குள் போய் அழுகுகிறது. கடைக்காரர் "ஒரு சக்கர் விடுங்க, எல்லாத்தையும் சுத்தம் பண்ணிடும்" என்கிறார் (கண்ணாடியில் வாயால் ஒட்டிக்கொள்ளும் மீன்). எனக்குக் கோரி (கோரிடோராஸ், மீசை உள்ள சின்னக் கெளுத்தி வகை) மேல்தான் ஆசை. எதை, எத்தனை விடலாம்?

மணலடி:
சக்கர் வேண்டவே வேண்டாம். விரல் நீளத்தில் வாங்குவது ஒரு அடிக்கு மேல் வளரும், கழிவும் ஏராளம். பெரிதானதும் கண்மாயில் விட்டுவிடலாம் என்று நினைக்காதீர்கள். அப்படி விட்டவைதான் ஏரி, குளங்களில் பெருகி மீனவர் வலையைக் கிழிக்கின்றன.

கோரி என்றால் குறைந்தது ஆறு வேண்டும், கூட்டமாக இருந்தால்தான் பயமில்லாமல் மேயும். மதுரை வெயிலுக்குப் பாண்டா, பெப்பர் வகைகள் சரிவராது, அவற்றுக்குத் தண்ணீர் குளிர்ச்சியாக வேண்டும். ஸ்டெர்பாய் சூடு தாங்கும், இல்லையென்றால் பிரான்ஸ் (bronze, வெண்கல நிறக் கோரி) பாருங்கள். கோடையில் தண்ணீருக்கு மேல் ஒரு சின்ன ஃபேன் கட்டாயம்.

எந்த மீனும் அழுகிய தீனியைச் சுத்தம் செய்து தராது. அதற்கு அடி அழுக்கை உறிஞ்சி எடுக்கும் சைபன் குழாய்தான். கோரிக்கு அடியில் மூழ்கும் பெல்லட் (உருட்டிய தீனி) தனியாகப் போட வேண்டும்.

ஆற்றுமீன்:
முதலில் அந்தக் கலர் கல்லை எடுங்கள். கோரி மண்ணைக் கிளறி இரை தேடித் தின்னும் மீன். கூரான கல்லிலும் அழுக்கிலும் மீசை தேய்ந்து புண்ணாகும். சன்னமான மணலை நன்றாகக் கழுவிப் போடுங்கள். கல்லை ஒரே நாளில் அள்ளாமல் கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள், பாக்டீரியா அதிலும் இருக்கிறது. தொட்டியில் கல் உப்பு போடுகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள், கோரிக்கு ஆகாது.

தொட்டிக்காரன்:
மணல் மாற்றி, ஆறு பிரான்ஸ் கோரி விட்டாயிற்று. இரண்டு சந்தேகம். அவ்வப்போது மேலே பாய்ந்து காற்றை விழுங்கிவிட்டு இறங்குகின்றன, ஆக்சிஜன் போதவில்லையா? நைட்ரைட் வேறு 0.25 காட்டுகிறது. சைக்கிள் முடிந்துவிட்டதே?

மணலடி:
காற்றை விழுங்குவது அவற்றின் இயல்பு, குடல் வழியாகவும் சுவாசிக்கும். எல்லாமே விடாமல் மேலே போனாலோ செவுள் வேகமாக அடித்தாலோதான் கவலைப்பட வேண்டும்.

சைக்கிள் முடிந்தது என்றால், அன்றைக்கு இருந்த கழிவுக்குப் போதுமான பாக்டீரியா இருந்தது என்றுதான் அர்த்தம். அம்மோனியா ஊற்றுவதை நிறுத்திய பிறகு ஆறு கப்பிக்கு ஏற்ற அளவுக்கு அது குறைந்திருக்கும். இப்போது கழிவு இரண்டு மடங்கு, போதாததற்குக் கல்லையும் எடுத்துவிட்டீர்கள். இன்றே மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், ஆன்டி குளோரின் (குழாய்த் தண்ணீரின் குளோரினை நீக்கும் மருந்து) மறக்காமல். தீனியைப் பாதியாக்குங்கள். தினமும் டெஸ்ட் செய்து, நைட்ரைட் 0 ஆகும்வரை தண்ணீர் மாற்றிக்கொண்டே இருங்கள். ஸ்பாஞ்சை இப்போது கழுவாதீர்கள். பிறகு கழுவும்போதும் குழாய்த் தண்ணீரில் வேண்டாம், தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரில் பிழிந்தால் போதும்.

ஆற்றுமீன்:
பெல்லட்டை விளக்கை அணைத்த பிறகு போடுங்கள். பகலில் போட்டால் கப்பிகள் கீழே இறங்கி அதையும் தின்றுவிடும்.